முதுகில் ஒட்டிய வாசனைகள்

முதலில் அரித்தது இடது கையில், மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே. கார்த்திகை தீபத்துக்கு ஊர் நிரம்பிக்கொண்டிருந்த சமயம். வேலை தலைக்குமேல் இருந்தது. பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். என் கணவர் மட்டும் விடவில்லை. அன்று மாலையே ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டு வந்தவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாத்திரம் கழுவ நின்றுவிட்டார். "கை ஆறுற வரைக்கும் நீ இந்தப் பக்கமே வராத" என்றார். கை ஆறிய பிறகும் அந்த வேலையை அவர் என்னிடம் திருப்பித் தரவில்லை.

நானும் என் தோழியும் அப்போது செங்கம் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, தோலுக்குப் பூசும் களிம்பு செய்துகொண்டிருந்தோம். இருவரும் இதே ஊர்க் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேதியியல் படித்தவர்கள். அவள் கல்யாணமாகி ஆரணி போனாள். நான் இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் வளர்ந்து, அவளும் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பி வந்த பிறகு, படித்த படிப்பை வைத்து ஏதாவது செய்யலாம் என்று ஆரம்பித்தது இது. லைசென்ஸ் வாங்குவதற்குள் இருவருக்கும் செருப்புத் தேய்ந்துவிட்டது.

எங்கள் களிம்பில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், தேன்மெழுகு, கொஞ்சம் வேப்பெண்ணெய். கிரிவலம் வெறுங்காலோடு சுற்றுகிறவர்கள் பாத வெடிப்புக்கு வாங்குவார்கள். ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் கைக்கும் முகத்துக்கும் பூசுவார்கள். வேப்பெண்ணெய் நாற்றத்தை மறைக்க லாவண்டர் எண்ணெய் சேர்த்தோம். அது என் தோழியின் தேர்வு. பத்துப் பன்னிரண்டு மாதிரிகளை வரவழைத்து, ஒவ்வொன்றையும் காகிதத் துண்டில் தொட்டு, கண்ணை மூடி முகர்ந்து, "இதுதாண்டி" என்று அவள் சொன்ன முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவளுக்கு அப்படியொரு மூக்கு. எனக்கு அளக்கத் தெரியும், உருக்கத் தெரியும், கலக்கத் தெரியும். வாசனை அவளுடைய இலாகா.

தீபம் முடிந்து ஊர் காலியானபோது அரிப்பு விரல் இடுக்கிலிருந்து புறங்கைக்கு வந்துவிட்டது. தோல் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளங்களாக எழும்பி, கசிந்தது. அதன்மேல் நான் எங்கள் களிம்பையேதான் பூசினேன். வேறெதைப் பூசுவேன்? ஒருநாள் காலையில் கண்ணாடியில் பார்த்தால் இரண்டு இமைகளும் வீங்கிக் கண்ணே பாதியாகத் தெரிந்தது. கையால் கண்ணைத் தேய்த்திருப்பேன் போல. அறைக்குள் நுழைந்ததும் என் தோழி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னாடி இது மூஞ்சி? கெளம்பு."

"ஆர்டர் இருக்குடி."

"ஆர்டர் கெடக்கட்டும். அடுப்ப அணைச்சுட்டேன். வா."

ஸ்கூட்டரில் என்னை உட்காரவைத்து அவளே தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் எங்கள் வயதுப் பெண்மணி. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். களிம்பு செய்கிறோம் என்றதும் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை. பாதி விடை கிடைத்துவிட்டது போன்ற சிரிப்பு.

"அப்ப நீங்க கையால தொடுற எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. எண்ணெய், மெழுகு, வாசனை, பாத்திரம் கழுவுறது, போடுற கையுறை. எதையும் விட்டுடாதீங்க. கொஞ்சம் கொஞ்சம் எடுத்து உங்க முதுகுல ஒட்டி வெச்சுப் பாக்கலாம். எதுக்கு செவக்குதோ அதுதான் ஆளு. முதல்ல இந்த வீக்கம் அடங்கட்டும்."

கைக்கு மருந்து கொடுத்து, வீக்கம் வடிந்த பிறகு வரச்சொன்னார். அதற்குள் மார்கழி வந்துவிட்டது. குளிர்காலம்தான் இதற்கு நல்லது, கோடையில் என்றால் முதுகில் ஒட்டுகிற பட்டை வியர்வையில் உரிந்து வந்துவிடும் என்றார். பரிசோதனைக்குப் போகும்போது என் தோழி ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய பொருள்களைக் கட்டிக்கொண்டு வந்தாள். அதில் லாவண்டர் எண்ணெய்ப் புட்டி இரண்டு இருந்தன. ஒன்று புதியது. இன்னொன்று ஜன்னல் பக்கத்து அலமாரியில் இருந்த, அடியில் கொஞ்சம் மட்டும் மிஞ்சிய பழையது.

"ரெண்டும் ஒரே எண்ணெய்தானேடி, எதுக்கு?" என்றேன்.

"இருக்கட்டும்டி. எல்லாத்தையும்னுதானே சொன்னாங்க."

அவள் அதை எடுத்துவராமல் இருந்திருந்தால் பாதி விஷயம் எங்களுக்கு விளங்காமலே போயிருக்கும்.

டாக்டர் ஒவ்வொன்றையும் வாஸ்லினில் அளவாகக் கலந்து, சட்டைப் பொத்தான் அளவுள்ள சின்னக் கிண்ணங்களில் வைத்து, பட்டை பட்டையாக முதுகில் ஒட்டினார். அவரிடமிருந்த வேறு சில பொருள்களும் கூடவே ஏறின. முதுகில் தண்ணீர் படக் கூடாது, குனிந்து நிமிர்ந்து வேலை செய்யக் கூடாது. மார்கழி மாதம், விடியற்காலையில் தெருவே குளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் ஈரத் துண்டால் கையையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் வாசலில் பக்கத்து வீட்டு அக்கா கோலம் போட்டுவிட்டுப் போனார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவராகத்தான்.

பட்டையை எடுக்கிற நாளில் கிளினிக்கில் நல்ல கூட்டம். என் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். தலையில் முக்காடு. மடியில் இரண்டு கைகளையும் விரித்து வைத்திருந்தார், எதன்மேலும் படாமல். உள்ளங்கை சிவந்து, தோல் ஏடு ஏடாக உரிந்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"பயப்படாதம்மா, இது ஒட்டுறது இல்ல. கேன்சருக்கு மாத்திர போடுறேன். அதனால வருதாம். காலும் இப்படித்தான்."

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக டீக்கடை வைத்திருக்கிறவர். நோய் வந்ததிலிருந்து கடையை அவருடைய வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார்.

"எந்நேரமும் க்ரீம் பூசு, வாசன இல்லாததா பாத்துப் பூசுன்னு சொல்லிட்டாங்க. எங்கம்மா கெடைக்குது? கடையில எதத் தொறந்தாலும் கம்முனு அடிக்குது. ஒண்ணு எரியுது. இன்னொண்ணு எரியல, ஆனா அந்த வாசனைக்கே கொமட்டுது. கடையில வட சுடுற எண்ணெய் வாசன கூட இப்ப எனக்கு ஆவாது."

நாங்கள் களிம்பு செய்கிறவர்கள் என்று சொன்னேன். "அப்படியா?" என்று ஆவலாகக் கேட்டவரிடம், எங்களுடையதிலும் வாசனை உண்டு என்று சொல்ல நேர்ந்தது. "பரவால்ல விடும்மா" என்றார், ஏதோ நான்தான் ஏமாந்துபோனவள் போல.

உள்ளே என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் பட்டையைப் பிரித்து, சற்று நேரம் விட்டு, விளக்கை அருகில் இழுத்துப் பார்த்தார். பிறகு என் தோழியைக் கூப்பிட்டு முதுகைக் காட்டினார்.

"ரெண்டு பாட்டிலும் ஒரே எண்ணெயா?"

"ஒரே கடை, ஒரே சரக்கு மேடம்" என்றாள் என் தோழி. "ஒண்ணு இப்ப வந்தது. இன்னொண்ணு கோடையில தொறந்தது."

"புதுசு வெச்ச எடத்துல லேசா செவந்திருக்கு. பழசு வெச்ச எடத்துல கொப்புளமே வந்திருக்கு, பாருங்க."

இன்னும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தபோதும் அதேதான். தேங்காயெண்ணெய், மெழுகு, வேப்பெண்ணெய், பாத்திர சோப்பு எல்லாம் நிரபராதிகள்.

டாக்டர் அதை விளக்கிச் சொன்னார். லாவண்டரில் பெரும்பங்கு லினலூல் என்கிற பொருள். கொத்தமல்லி விதையிலும் மல்லிகையிலும்கூட அது உண்டு. புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் சாதுதான். காற்றுப் பட்டுப் பட்டுப் பழசாகும்போது வேறொன்றாக மாறிவிடுகிறது. மாறின அந்தப் பொருள்தான் தோலைக் கிளப்பிவிடுகிறது. பாதி காலியான புட்டியில் மீதிப் பாதி முழுக்கக் காற்றுதானே. நாங்கள் மூடியை இறுக்கித்தான் வைத்திருந்தோம், ஆனால் உள்ளே அடைபட்ட காற்றை நினைத்துப் பார்க்கவில்லை. அதுவும் இந்த ஊர்க் கோடையில், மலையின் அனல் சாயங்காலம்வரை சுவரில் இறங்குகிற அறையில்.

"இயற்கையான எண்ணெய்தானே மேடம்?" என்று கேட்டேன். மூன்று வருடம் வேதியியல் படித்தவள் கேட்கிற கேள்வியா அது. ஆனாலும் கேட்டேன்.

"தோலுக்கு அது செடியில இருந்து வந்துதா, ஃபேக்டரியில இருந்து வந்துதான்னு தெரியாதுங்க. எவ்ளோ பட்டுது, எவ்ளோ நேரம் இருந்துது, தோலு முழுசா இருந்துதா கிழிஞ்சிருந்துதா, அதுதான் கணக்கு. உங்களுக்கு இனிமே புதுசும் ஆகாது. ஒரு தடவ தோலு புடிச்சுக்கிச்சுன்னா அது சுலபத்துல மறக்காது."

அன்று எங்களோடு வந்து, அதுவரை வாசலருகே நின்றிருந்த என் கணவர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். "பூ வைக்கலாமா மேடம்?"

வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லிகை வாங்கி வருகிற மனிதர். மல்லிகையிலும் உண்டு என்று டாக்டர் சொன்னது அவர் மனத்தில் முள்ளாகத் தைத்திருக்கிறது. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் எனக்காகக் கேட்ட கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது.

"வெச்சுப் பாருங்க. கழுத்துல உரசாம இருக்கட்டும். அரிச்சா உடனே எடுத்துடுங்க" என்றார் டாக்டர். அரிக்கவில்லை. இந்த நிமிடம் வரை அரிக்கவில்லை.

நான் கிளம்பும்முன், டீக்கடை அக்காவைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். வாசனையே இல்லாமல் ஒன்று செய்தால் அவருக்குக் கொடுக்கலாமா? டாக்டர் யோசித்தார். "என்னென்ன போடுறீங்கன்னு எங்கிட்ட காட்டுங்க. எண்ணெயும் மெழுகும் மட்டும்னா எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா மாத்திரையையோ நான் குடுத்த மருந்தையோ விட்டுட்டு இத மட்டும் பூசக் கூடாதுன்னு சொல்லிக் குடுங்க" என்றார்.

பழைய புட்டியிலிருந்து செய்த டப்பாக்கள் எந்தெந்தக் கடைக்குப் போயின என்பது எங்களுக்குத் தெரியும். மறுநாளே இருவரும் ஸ்கூட்டரில் போய்த் திரும்ப வாங்கிவந்தோம். பெரிய தெருக் கடைக்காரர் ஒருவர், "யாரும் ஒண்ணும் சொல்லலியேம்மா, நல்லாத்தானே போவுது" என்றார். யாரும் சொல்லவில்லை என்பதால் யாருக்கும் வரவில்லை என்று ஆகிவிடாதே. என்னைப்போல அவர்களும் பாத்திர சோப்பின் மேல் பழிபோட்டிருக்கலாம்.

அதன் பிறகு எங்கள் இருவருக்கும் பெரிய வாக்குவாதம். வாசனையே வேண்டாம் என்றேன் நான். அது தோலுக்கு ஒரு நன்மையும் செய்வதில்லை, எண்ணெய்தான் வேலை செய்கிறது, மெழுகு அதைப் பிடித்து வைக்கிறது, வாசனை சும்மா கூட வருகிறது. ஆபத்து கொஞ்சமாகவே இருந்தாலும் எதற்கு?

"சும்மா வரலடி" என்றாள் அவள். "அதுதான் கூட்டிட்டு வருது. வாசன இல்லன்னா ஒருத்தரும் ரெண்டாந்தரம் டப்பாவத் தொறக்க மாட்டாங்க. பூசாத மருந்து எப்படிடி வேல செய்யும்?"

வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. அவள் தெருவிலிருந்த பெண்கள் சிலரிடம் ஆளுக்கு இரண்டு டப்பா கொடுத்தாள். புதுப் புட்டி எண்ணெய் சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று. பூசி அரித்தால் உடனே நிறுத்திவிட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொண்டாள். பொங்கல் கழித்து எல்லாவற்றையும் வாங்கி வந்து என் முன்னால் திறந்து வைத்தாள். வாசனை டப்பாக்கள் விரலால் வழித்து வழித்துக் காலியாகியிருந்தன. மற்றவை மேலே ஒரு விரல் தடத்தோடு அப்படியே இருந்தன. ஒரு பெண் அதைக் கெட்டுப்போனது என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தாள். இன்னொருத்தி, "சமையல் எண்ணெயப் பூசுன மாதிரி இருக்குதுக்கா" என்றாளாம்.

அவள் சொன்னது சரிதான் என்று அன்று ஒப்புக்கொண்டேன். வாசனைக்கும் ஒரு வேலை இருக்கிறது. அது தோலில் நடக்கிற வேலை இல்லை, மனத்தில் நடக்கிற வேலை. ஆனால் எங்கள் களிம்பை அதிகம் பூசுகிறவர்கள் யார்? காலில் வெடிப்பும் கையில் வெட்டும் உள்ளவர்கள். கிழிந்த தோலின்மேல், கழுவாமல், நாள் முழுக்க. டாக்டர் சொன்ன கணக்கு அத்தனையும் அங்கே அவர்களுக்குப் பாதகமாகத்தான் விழுகிறது. இதை அவளிடம் சொன்னேன். அவள் காலி டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடி ஓரமாக அடுக்கினாள். பிறகு, "அப்ப அந்த டீக்கட அக்காவுக்கு முதல்ல செய்வோம். அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

வாசனை சேர்க்காமல் இருப்பது சுலபம், வாசனையே இல்லாமல் செய்வதுதான் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. லாவண்டரை நீக்கினால் வேப்பெண்ணெய் முகத்தில் அறைகிறது. வேப்பெண்ணெயை நீக்கினால் நல்லெண்ணெய் எழுந்து நிற்கிறது. அதையும் நீக்கி, சுத்திகரித்த தேங்காயெண்ணெய்க்கு மாறினால் மெழுகிலிருந்து தேன் வாடை வருகிறது. வெளுத்த மெழுகை வரவழைத்தோம். ஒவ்வொரு முறையும் அவள் முகர்ந்து பார்த்து, "இன்னும் இருக்குது" என்பாள். எனக்கு ஒன்றும் தெரியாது. வாசனைகளைத் தேடித் தேடிச் சேர்த்த அந்த மூக்கு, இப்போது ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டிருந்தது. கடைசியில் ஒருநாள் டப்பாவை நெடுநேரம் மூக்கடியில் வைத்திருந்துவிட்டு, "ஒண்ணுமே இல்லடி" என்று சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாக.

டாக்டரிடம் காட்டிவிட்டு அடி அண்ணாமலைக்கு எடுத்துப் போனோம். அந்த அக்கா டப்பாவைத் திறந்து முதலில் எட்டத்தில் பிடித்தார். பிறகு மெல்ல மெல்லக் கிட்டே கொண்டுவந்தார். முகம் சுளிக்கப்போகிறது என்று நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சுளிக்கவில்லை.

"இன்னாம்மா, காலி டப்பாவ மோந்த மாதிரி இருக்குது" என்றார். இதைவிட நல்ல பாராட்டு எங்களுக்கு யாரும் தந்ததில்லை.

புறங்கையில் கொஞ்சம் தொட்டுப் பூசி, ஒருநாள் பார்த்துவிட்டுப் பிறகு மற்ற இடங்களில் பூசச் சொன்னோம். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னோம். மாசி மாதம் போனபோது உரிவது கம்மியாகியிருந்தது. மாத்திரையின் அளவையும் அதற்குள் மாற்றியிருந்தார்கள், அதனால் எல்லாம் எங்கள் களிம்பின் வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கிளாஸை வெறுங்கையால் பிடித்து டீ குடித்தார். முன்பெல்லாம் துணியைச் சுற்றித்தான் பிடிப்பாராம். பங்குனி பௌர்ணமி அன்று கடையில் அவரே நின்று டீ ஆற்றினார். எங்களைக் கண்டதும் வீட்டுக்காரரிடம், "இவங்களுக்கு சக்கர ஜாஸ்தியா போட்டுக் குடு" என்றார். நான் சர்க்கரை குறைத்துக்கொண்ட ஆள். அன்று ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

தோலில் தங்குகிற எங்கள் களிம்பு எதிலும் இப்போது வாசனை கிடையாது. விற்பனை முதலில் விழுந்தது, பிறகு மெல்ல எழுந்தது. வாசனை இல்லாததைத் தேடி அலைகிறவர்கள் இந்த ஊரில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நாங்கள் நினைக்கவேயில்லை. ஆசைப்படுகிறவர்களுக்காக வாசனை சோப்பு தனியாக உண்டு, அது கழுவினால் போய்விடுகிற பொருள். லாவண்டர் எண்ணெயைச் சின்னப் புட்டிகளாக வாங்கி, திறந்தால் அந்த வாரமே தீர்த்துவிடுகிறோம். உறைமேல் லினலூல் இருக்கிறது என்று தமிழிலேயே அச்சடித்திருக்கிறோம். அது என்ன என்று யாராவது கேட்டால் என் தோழி உட்காரவைத்து விளக்குவாள், கடைக்காரர்கள் அலுத்துக்கொள்கிற அளவுக்கு.

சோப்பு அறைக்குள் நான் போவதில்லை. அங்கே அவள்தான். வேலை முடிந்து என் பக்கம் வரும்முன் முழங்கைவரை கழுவி, மேலே போட்டிருந்த அங்கியைக் கழற்றி வெளியே மாட்டிவிட்டு வருகிறாள். தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள். நான் இதையெல்லாம் செய்யச் சொன்னதே இல்லை. வாசனை என்றால் உயிரை விடுகிறவள், எனக்காகச் சென்ட் பூசுவதையும் நிறுத்திவிட்டாள். அதை நானாகக் கவனித்ததும் ரொம்ப நாள் கழித்துத்தான்.

சென்ற ஆவணியில் அவள் மகளுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் அவளுடைய கொழுந்தனார் மனைவி பன்னீர்ச் சொம்போடு நின்று வருகிறவர்கள்மேல் தெளித்துக்கொண்டிருந்தார். இதைப் பற்றி நான் யோசிக்காமலே வந்துவிட்டேன். ஒதுங்குவதா, பரவாயில்லை என்று போவதா என்று தெரியாமல் படியிலேயே நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் பன்னீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"உங்களுக்கு பன்னீர் வேணாம், சந்தனம் வேணாம், கல்கண்டு மட்டும் குடுன்னு அக்கா காலையில இருந்து நாலு தரம் சொல்லிட்டாங்க. வாங்க, வாங்க."

பெண்ணைப் பெற்றவள். அன்று அவளுக்கு எத்தனை கவலை இருந்திருக்கும். சமையல்காரர், புரோகிதர், மாப்பிள்ளை வீட்டார், கழுத்தில் ஏற வேண்டிய நகை. அத்தனைக்கும் நடுவில் என் கழுத்துத் தோலையும் நினைத்து வைத்திருந்திருக்கிறாள். தட்டிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். உள்ளே மணமேடையருகே அவள் யாரையோ அதட்டிக்கொண்டிருந்த குரல் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்குக் கூடமாட ஏதாவது உதவலாம் என்று வேகமாக உள்ளே போனேன்.